பரீட்சை கேள்விக்குத்தான்

அதத்தாம்மா நானும் சொல்றேன். ‘ஓய்வு நேரச் செயல்பாடுகள்’னு போட்டிருக்கீங்க. ஓய்வுன்னா சும்மா இருக்கறது. செயல்பாடுன்னா சும்மா இல்லாம இருக்கறது. ரெண்டையும் ஒரே கயித்துல கட்டி, ‘இவை உங்களுக்குப் போதுமான அளவில் உள்ளனவா?’ன்னு கேட்டா நான் எதுக்கு டிக் போடறது? சும்மா இருக்கறதுக்கா, இல்லாததுக்கா? எழுதிக்கோங்க. மூணாவது கேள்வி, புரியல. இல்ல இல்ல, புரியலன்னு எழுதாதீங்க. அப்புறம் எனக்குப் புத்தி மட்டுன்னு ஆயிடும். கேள்வி சரியில்லன்னு எழுதுங்க.

பேச்சப் பதியற மிஷின் ஓடுதா? செவப்பு லைட் எரியணுமே... ஆங், எரியுது. ஓடட்டும்.

நீங்கதானம்மா சொன்னீங்க, இங்கிலீஷ்ல இருந்து மாத்தின ஆராய்ச்சிக் கேள்வி இது, படிக்கும்போது மனசுல என்ன ஓடுதோ அத அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்க, அப்பத்தான் தமிழ்ப்படுத்தினது சரியா இருக்கான்னு எங்களுக்குத் தெரியும்னு. சொல்றேன். சொல்லிக்கிட்டு இருக்கும்போது சொவத்துக் கடிகாரத்தப் பாத்தா எப்படி? அது மூணு நிமிஷம் ஃபாஸ்ட்டு. நான்தான் அப்படி வச்சிருக்கேன். ரிட்டயர் ஆன அன்னிக்கு டெப்போல எல்லாரும் சேந்து குடுத்தது. முப்பத்தோரு வருஷம் பஸ் டெப்போல டைம்கீப்பரா இருந்தவனுக்குக் கடிகாரம் குடுக்கறாங்க பாருங்க. சமையக்காரருக்குக் கரண்டி குடுத்து அனுப்பற மாதிரி. அதுவும் தப்பா ஓடற கடிகாரம். மொதல்ல நாலு நிமிஷம் ஸ்லோ. அந்த ஸ்லோவுக்கு இந்த ஃபாஸ்ட்டு தேவல.

இல்லம்மா, என் வீட்டுக்காரி இல்ல. அதான் நீங்க உள்ள வரும்போதே சொன்னேனே. தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. தங்கச்சிக்கு முழங்கால்ல ஆபரேஷன். கூடமாட இருந்து பாத்துக்க ஆளு வேணும்ல? பத்து நாளாச்சு. வந்துடுவா. அவளும் ரெண்டாந்தடவ எழுதணும்னு எனக்கு ஞாபகம் இருக்கு. பத்து நாள் விட்டு அதே கேள்விய அதே ஆளுகிட்ட கேட்டா அதே பதில் வருதான்னு பாப்பீங்க, அப்பத்தான் கேள்வி நிலையா நிக்குதுன்னு அர்த்தம். புரிஞ்சுதானே வச்சிருக்கேன்? ஒண்ணு பண்ணுங்க, அவ தாள என்கிட்ட குடுத்துட்டுப் போங்க. வந்ததும் எழுதச் சொல்லி நானே பத்திரமா கொண்டுவந்து குடுத்துடறேன்.

...ஏன், என்கிட்ட குடுக்கக் கூடாதா?

நேர்லதான் குடுப்பீங்களா. சரி. உங்க சட்டம் உங்களுக்கு. அந்தப் பழைய கவர எதுக்கு இப்ப பிரிக்கறீங்க? அது போன தடவையோடது. உள்ள வைங்க. நாலாவது கேள்விக்கு வருவோம்.

‘உங்கள் அன்றாடச் செயல்பாடுகளின் பன்முகத்தன்மை உங்களுக்கு நிறைவளிக்கிறதா?’ இத யாரும்மா தமிழ்ப்படுத்தினது? உங்க காலேஜுல நாலு பேரா? நாலு பேரு சேந்தா இப்படித்தான் வரும். பன்முகத்தன்மையாம். காலைல ஷேவ் பண்ணும்போது ஒரு முகத்தப் பாக்கறதுக்கே எனக்கு அலுப்பா இருக்கு. ‘ஒரே வேலையாப் பண்ணிக்கிட்டு இருக்கீங்களா, இல்ல மாத்தி மாத்தி நாலு வேல பண்றீங்களா’ன்னு கேட்டுட்டுப் போயிருக்கலாம். அப்படிக் கேட்டா கேள்விக்கு மரியாத இருக்காதோ என்னவோ. தமிழ்ல இருந்து மறுபடி இங்கிலீஷுக்கு வேற ஆளுங்கள விட்டு மாத்தி ஒத்துப் பாத்தோம்னு சொன்னீங்க. அதாவது வண்டியக் கடைசி ஸ்டாப் வரைக்கும் அனுப்பிட்டு, திரும்பி வந்ததும் அதே நம்பர் பலகதானான்னு பாக்கறது. பலக அதேதாம்மா இருக்கும். நடுவுல ஏறின ஜனம் எங்க எறங்குச்சுன்னு யாரு பாத்தா?

சரி, கேட்டதுக்குப் பதில் சொல்றேன். மாத்தி மாத்தி நாலு வேலன்னா... டெப்போல இருந்தப்ப ஒரு நாளைக்கு இருநூத்திப் பத்து ட்ரிப். ஒவ்வொரு வண்டியும் எத்தன மணிக்கு உள்ள வந்துச்சு, எத்தன மணிக்கு வெளிய போச்சு, ஏன் லேட்டு, எல்லாம் என் கையாலதான் எழுதணும். நான் விசில் ஊதாம ஒரு சக்கரம் உருளாது. கண்டக்டருங்கள்ள ஒருத்தர் இருந்தாரு, சோடாபுட்டின்னு கூப்புடுவோம். அவ்வளவு தடியாக் கண்ணாடி. அவரு டீ குடிக்கப் போனா திரும்பி வர்றதுக்குள்ள டீ எல விளைஞ்சுடும். என் தலையப் பாத்தா போதும், கையில கிளாஸோடயே ஓடி வந்து வண்டியில ஏறுவாரு. அப்படி இருந்தவன்.

இப்ப அஞ்சு மாசமா வீட்டுல. மொத வாரம் நல்லாத்தான் போச்சு. எட்டு மணி வரைக்கும் தூங்கினேன். ரெண்டாவது வாரம் கண்ணத் தொறந்து பாக்கறேன், இந்த வீட்டுல எதுக்கும் ஒரு நேரங்காலமே கெடையாது. பால் ஒரு நாள் ஆறேகாலுக்குக் காயுது, ஒரு நாள் ஆறே முக்காலுக்குக் காயுது. துணி எப்ப தோணுதோ அப்ப தொவைக்கறது. மாடி வீட்டு டீச்சரம்மா படியில எதுக்க வந்தா அங்கயே நின்னு அர மணி நேரம் பேச்சு. நான் சும்மா இருக்க முடியுமா? ஒரு டைம்டேபிள் போட்டேன். கோடு கிழிச்சு, கட்டம் கட்டி, ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டினேன். லேட்டானா மட்டும் செவப்பு மையில குறிப்பேன். திட்டறதெல்லாம் இல்ல. குறிக்கறது, அவ்வளவுதான். ‘படியில பேச்சு: 10.40 டு 11.25.’ அதுல என்னம்மா தப்பு? ஒரு பதிவு வேண்டாமா?

அவ சண்ட போட்டாக்கூட ஒரு மரியாத. அந்தத் தாளு மேலயே காஸ் ரசீத ஒட்டி வச்சுட்டு அவ பாட்டுக்கு இருந்தா.

அப்புறம் இந்த நீச்சல். சிரிக்காதீங்க. எனக்கு எப்படித் தெரிய வந்துச்சுன்னு கேளுங்க. ஒரு நாள் பால்கனில நீச்சல் டிரஸ் ஒண்ணு காயுது. ஊதா கலரு. காத்துல மாடியில இருந்து விழுந்ததுபோலன்னு நெனச்சு, ரெண்டு வெரல்ல புடிச்சு எடுத்துட்டுப் போய் மாடி வீட்டு டீச்சரம்மாகிட்ட குடுத்தேன். அந்தம்மா டிரஸ்ஸப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க. “இது உங்க வீட்டுதுங்க. என்னோடது பச்சை”ன்னாங்க. நாலு வருஷமாம்மா! நாலு வருஷமா ரெண்டு பேரும் காலைல சேந்து போய் நீந்திட்டு வந்திருக்காங்க. நான் நாலு மணிக்கு எழுந்து டெப்போக்குப் போயிடுவேன், எனக்கு எங்க தெரியும். ஏன்டி சொல்லலன்னு கேட்டா, “சொன்னேன். நீங்க, ‘ம்’னீங்க”ங்கறா. சொல்லியிருப்பா. நானும், ‘ம்’னுருப்பேன். அதுக்கில்ல...

நான் தடுக்கலம்மா, இத நல்லா எழுதிக்கோங்க. டைம்டேபிள்ல நீச்சலுக்கும் கட்டம் போட்டேன். அஞ்சு அம்பதுல இருந்து ஆறேகால் வரைக்கும், போக வர சேத்து. அந்த நீச்சல் குளம் தொறக்கறதே ஆறு மணிக்குன்னு எனக்கு யாரும் சொல்லல. ரெண்டு நாளு போய் குளத்து வாசல்ல வாட்ச்சோட நின்னேன், அவ்வளவுதான். ஒரு ஆளு உள்ள போனா எப்ப வெளிய வர்றாங்கன்னு பாக்கறது எனக்குக் கை பழக்கம். மாடி டீச்சரம்மா அதுல இருந்து என்னப் பாத்தா, “வண்டி வந்துடுச்சுங்களா?”ன்னு கேக்கறாங்க. ரிட்டயர் ஆன மனுஷன்னு ஒரு இது இல்ல.

அஞ்சாவது கேள்வியா? ‘உங்கள் வேலை, குடும்பம், ஓய்வு ஆகியவற்றிடையே சமநிலை...’ சமநிலைன்னாலே எனக்குத் தராசுதாம்மா ஞாபகம் வருது. ஒரு தட்டுல கல்லு, ஒரு தட்டுல சரக்கு. இங்க கல்ல எடுத்தாச்சு. அப்புறம் தட்டு எப்படி நிக்கும்? இத இங்கயே விடுங்க, அடுத்தது போலாம்.

...போகக் கூடாதா. சரி.

மொதல் தடவ நீங்க தாள் குடுத்துட்டுப் போன அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், உங்களுக்கே புரியும். நான் இந்த மேஜையிலதான் உக்காந்து எழுதினேன். பன்னெண்டு கேள்விக்கு ஒரு மணி பத்து நிமிஷம். ‘முழுக்க’, ‘ஓரளவு’, ‘கொஞ்சம்’, ‘கொஞ்சம்கூட இல்ல’ன்னு நாலு கட்டம் குடுத்திருக்கீங்க. எதுல போட்டாலும் இன்னொண்ணுல போட்டிருக்கலாமோன்னு இருக்கு. அவ அடுப்புப் பக்கம் நின்னுக்கிட்டு, ஒரு கையில கரண்டிய வச்சுக்கிட்டு, நாலே நிமிஷத்துல முடிச்சுட்டு அடுப்பத் தொடைக்கப் போயிட்டா. நாலு நிமிஷம்! யாருக்கா இருந்தாலும் சந்தேகம் வருமா வராதா?

பாத்தேன். பாக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதும்மா.

...தெரியும். மேலயே கொட்ட எழுத்துல போட்டிருந்துச்சு. தெரிஞ்சுதான் பாத்தேன்.

பன்னெண்டுலயும் ‘முழுக்க’. பன்னெண்டுக்குப் பன்னெண்டு. நாள் நிறைவா இருக்கா? முழுக்க. பிடிச்சதச் செய்ய நேரம் இருக்கா? முழுக்க. யாரோடயாவது பேசிப் பழக நேரம் இருக்கா? முழுக்க. எனக்குத் தூக்கம் ஒண்ணுதான் ‘முழுக்க’, அதுவும் பாதி பொய். மிச்சம் பதினொண்ணும் ‘கொஞ்சம்கூட இல்ல’. ஒரே வீடு. ஒரே அடுப்பு. ஒரே கதவு வழியா ரெண்டு பேரும் போறோம் வர்றோம். அவளுக்கு மட்டும் எப்படிம்மா எல்லாம் நெறைஞ்சு போச்சு?

இப்ப டெப்போ முறை ஒண்ணு சொல்றேன், கேளுங்க. ஒரே வண்டியில டிரைவருக்கு ஒரு தாள், கண்டக்டருக்கு ஒரு தாள். வண்டி கெளம்பினது ஏழு பத்துன்னு இவரு எழுதியிருக்காரு, ஏழு இருவதுன்னு அவரு எழுதியிருக்காரு. வண்டி ரெண்டு தடவ கெளம்புமா? ஒண்ணு தப்பு. டைம்கீப்பர் என்ன பண்ணணும்? ஒண்ண அடிச்சு, இன்னொண்ணுக்கு ஒத்த மாதிரி திருத்தி, பக்கத்துல சின்னதா கையெழுத்து வைக்கணும். கையெழுத்து இல்லாமத் திருத்தினா மோசடி. கையெழுத்து வச்சா அது முறை. முப்பத்தோரு வருஷம் ஒருத்தர் என் தாள்ல கை வைக்கல.

அதான்... அவ தாளத் திருத்தினேன். என்னோடதுக்கு ஒத்த மாதிரி.

ஆமா, எடுங்க, அந்தக் கவர எடுங்க. அதுக்குத்தான வந்திருக்கீங்க, எனக்கு அப்பவே தெரியும். பதினொரு எடத்துலயும் கையெழுத்து இருக்கும் பாருங்க. ஒரு எடம் விட்டிருக்க மாட்டேன். ‘இது யாரு கையெழுத்து’ன்னு நீங்க கேப்பீங்கன்னு பத்து நாளா நெனச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க என்னடான்னா ஓய்வு நேரம், பன்முகம்னு சுத்தி வளைக்கறீங்க.

என்னோடத ஏத்தி அவளோடதுக்கு ஒத்த மாதிரி பண்ணியிருக்கலாமேன்னு கேக்கறீங்களா? அது எப்படிம்மா? அது பொய்யாயிடுமே.

...

ம்.

அப்ப அவளோடத எறக்கினது மட்டும் என்னன்னு கேக்கறீங்க. கேளுங்க. அவளும் அதத்தான் கேட்டா.

பின்பக்கம் எழுதினோமான்னு சந்தேகம் வந்து, கவர ஒட்டறதுக்கு முன்னாடி அவளே எடுத்துப் பாத்துட்டா. பாத்துட்டுச் சிரிச்சாம்மா. மொதல்ல சிரிச்சா. ‘இதுலயுமா கையெழுத்து’ன்னு சிரிச்சா. நானும் கூடச் சேந்து சிரிச்சேன், சரி, பெருசா எடுத்துக்கலன்னு நெனச்சு. சிரிச்சுக்கிட்டேதான் உள்ள போனா. வெளிய வரும்போது கையில பை. சத்தமெல்லாம் போடல. “உங்களுக்கு நாள் ஓடலன்னா ஓடலன்னு சொல்லுங்க, என்ன பண்றதுன்னு நானும் சேந்து பாக்கறேன். ஓடற என் நாளப் புடிச்சு எதுக்குங்க நிறுத்தறீங்க?” அவ்வளவுதான் சொன்னா. செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டா. அந்தக் கவர நான்தான் ஒட்டி உங்க ஆபீஸ்ல கொண்டுவந்து குடுத்தேன். குடுக்க வேண்டிய தேதி தவறக் கூடாதுல்ல?

தங்கச்சிக்கு முழங்கால்ல ஒண்ணும் இல்ல. மூணு மாடி ஒரே மூச்சுல ஏறுவா.

செல்லாதா? அவ தாள் செல்லாதா? என்னோடதுமா? ...ஓ, என்னோடது செல்லும். பாருங்க, எனக்கு அதுல ஒரு சந்தோஷமும் வரல. நீங்க என்னமோ மொத நாளே சொன்னீங்க, நாங்க சோதிக்கறது உங்கள இல்ல, கேள்விய, இது கேள்விக்குத்தான் பரீட்சைன்னு. என் மண்டையில ஏறல. தாளப் பாத்ததும் எனக்கு, வீட்டுல யாரு பாஸ், யாரு ஃபெயில்னுதான் தோணுச்சு. அவ பாஸ். அவ நாலு நிமிஷத்துல பாஸ் பண்ணிட்டா. அஞ்சு மாசமா அவ பின்னாடியே நோட்டப் புடிச்சுக்கிட்டு நடந்திருக்கேன், அப்பவும் அவளுக்குப் பன்னெண்டுக்குப் பன்னெண்டு. என்னால அவளுக்கு ஒரு கட்டம்கூடக் கொறையலம்மா. அதுல... அதுலதான் எனக்குக் கோவம். வெக்கமா இருக்கு சொல்ல. மிஷின நிறுத்தாதீங்க, ஓடட்டும்.

ஃபோனா? அவளே பண்ணலாமே.

பண்ணினா. ரெண்டு தடவ பண்ணினா. நான் எடுக்கல. எடுத்து என்ன சொல்றது? இங்க எல்லாம் டைமுக்கு நடக்குதுன்னா? பால் கரெக்டா ஆறேகாலுக்குக் காயுது. காய்ச்சி, ஆற வச்சு, அப்படியே பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு பால் வேணும்? சாயங்காலம் தெரு முக்கு பஸ் ஸ்டாப்புல போய் உக்காந்துக்கறேன். எந்த வண்டி எத்தன மணிக்கு வருதுன்னு ஒரு சீட்டுல எழுதறேன். வீட்டுக்கு வந்து அந்தச் சீட்ட யாருகிட்ட குடுக்கறதுன்னு தெரியாம சட்டப்பையிலயே வச்சுக்கறேன். மொத கேள்விய இப்ப நான் வேகமா தாண்டிட்டேன் பாருங்க, ‘ஒரு வாரத்தில் செய்வதற்கு உங்களுக்குப் போதுமான வேலைகள் உள்ளனவா?’ அது நல்லாப் புரியுதும்மா. அந்தக் கேள்வியில ஒரு தப்பும் இல்ல. அத மாத்திடாதீங்க.

வேணாம், இப்ப வேணாம். பதினொண்ணரை மணிக்கு அவ... அவ அங்க என்ன பண்ணுவான்னு எனக்கு எப்படித் தெரியும்.

சரி, பண்றேன். உங்க ஆராய்ச்சிக்காக. தாள் செல்லாதுன்னு சொல்லணும்ல? நீங்க உக்காருங்க. எழுந்திரிக்காதீங்க. நீங்க இருந்தாத்தான் பேசுவேன்.

...

...ஆங். நான்தான்.

இல்ல, ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன். அந்த ஆராய்ச்சியம்மா வந்திருக்காங்க. உன் தாள் செல்லாதாம். நீ மறுபடி எழுதணுமாம். யாராலன்னா... என்னாலதான். ஆமா, சொல்லிட்டேன். அவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன். முழங்காலயும் சொல்லிட்டேன்.

இல்ல, அதுக்காக ஃபோன் பண்ணல. தாளுக்காகப் பண்ணல.

எனக்கு நாள் ஓடல. ...கேக்குதா? ஓடலங்கறேன். அஞ்சு மாசமாவே ஓடல. சொல்லத் தெரியல, உன்னோடதப் போய்த் திருத்திட்டு உக்காந்திருக்கேன். அடிச்சதெல்லாம் தப்பு. நீ போட்டதுதான் சரி.

ம். ...ம். இல்ல, இந்தத் தடவ காதுல வாங்கித்தான், ‘ம்’ங்கறேன். நானா? எனக்கு எங்க நீந்தத் தெரியும்? இந்த வயசுல தொப்பையோட... டீச்சரம்மா இருப்பாங்களே. சரி. சரி, யோசிக்கறேன். யோசிக்கறேன்னுதான சொன்னேன், வரேன்னு சொல்லல. சரி. வியாழக்கெழமையா? சரி. வச்சுடறேன்.

வராளாம்மா. வியாழக்கெழம.

தங்கச்சி வீட்டுப் பக்கத்துல இருக்கற குளத்துல ஏதோ போட்டியாம், அம்பது வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு. அத முடிச்சுட்டு வராளாம். அங்க போயும் நீந்திக்கிட்டுத்தான் இருந்திருக்கா பாருங்க. நான் இங்க பால ஆத்திக்கிட்டு இருந்தேன்.

கெளம்பறீங்களா? இன்னும் ஏழு கேள்வி இருக்கே. வியாழக்கெழம வந்து ரெண்டு பேருகிட்டயும் சேத்தே கேளுங்களேன். சேத்துக் கேக்கக் கூடாதா, அதுவும் சரிதான். நீங்க அவகிட்ட தனியா கேளுங்க, நான் தெருமுக்குல போய் நின்னுக்கறேன். எட்டிப் பாக்க மாட்டேன்.

ஒரு நிமிஷம்மா, போறதுக்கு முன்னாடி ஒண்ணு எழுதிக்கோங்க. மிஷின்லயும் பதிஞ்சிருக்கும், போட்டுக் கேட்டாத் தெரியும். வியாழக்கெழம வரேன்னா, ‘சரி’ன்னேன். எத்தன மணிக்குன்னு நான் கேக்கல. கவனிச்சீங்களா? நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

கேக்கலம்மா.